பொன்மலைக்கு எதிராக நான் தூக்கிய கொடி

பந்து வலைக்குள் போய் விழுந்தபோது என் கொடி ஏற்கெனவே மேலே இருந்தது.

அதை உடனே யாரும் பார்க்கவில்லை. சவுக்குக் கட்டையில் கட்டிய கேலரி மொத்தமும் எழுந்து நின்று ஆடிக்கொண்டிருந்தது. துண்டுகள் பறந்தன. யாரோ ஒருவர் டிபன் கேரியரை அதன் மூடியாலேயே தட்டிக்கொண்டிருந்தார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் அணியின் சென்டர் ஃபார்வர்டு ஆரோக்கியசாமி, கோல் அடித்ததும் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு கேலரியைப் பார்த்து ஓடினார்.

ஃபைனல். அதுவரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆட்டம் முடிய ஆறே நிமிடம். பொன்மலை மைதானம், பொன்மலை ஜனம், பொன்மலை அணி.

நான் மேற்குப் பக்கக் கோட்டோரம் நின்றேன். என் வேலை லைன்ஸ்மேன் வேலை. கோட்டை ஒட்டி ஓடி, பந்து வெளியே போனாலோ, ஆட்டக்காரர் ஆஃப்சைடில் நின்றாலோ கொடி காட்ட வேண்டும். பெண்ணாக இருந்தாலும் அந்த நாளில் பெயர் லைன்ஸ்மேன்தான். மைக்கில் பேசுகிறவர் என்னை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் “லைன்ஸ்மேன் அம்மா” என்று அறிவித்திருந்தார். அதற்குக் கேலரியில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியிருந்தது.

இப்போது சத்தம் ஒரு மூலையிலிருந்து அடங்க ஆரம்பித்தது. முதலில் என் பக்கத்தில் இருந்தவர்கள் கொடியைப் பார்த்தார்கள். அவர்கள் அடுத்தவரைத் தட்டிக் காட்டினார்கள். அந்த அமைதி கேலரி முழுக்கப் பரவியதை நான் திரும்பிப் பார்க்காமலே உணர்ந்தேன். எனக்கு அன்று முப்பத்திரண்டு வயது. கொடியை நான் இறக்கவில்லை. இதை இன்றைக்கும் கொஞ்சம் கர்வத்தோடுதான் சொல்கிறேன்.

அந்தக் கேலரியில் எங்கோ என் கணவரும் உட்கார்ந்திருந்தார். அவர் அதே ஒர்க்‌ஷாப்பில் லேத் மெஷினில் வேலை பார்ப்பவர்.

தோற்றவர்கள் அன்றே ஊர் திரும்பலாம்

அந்தப் போட்டியை ஊரில் எல்லோரும் ‘கப்பு’ என்று மட்டும்தான் சொல்வார்கள். “கப்பு எப்ப ஆரம்பிக்குது?” என்றால் வேறு எந்தக் கப்பு என்று யாரும் கேட்க மாட்டார்கள். பள்ளிக்கூடப் பரீட்சைகள் முடிந்து, வெயில் மண்டையைப் பிளக்கும் நாட்களில் அது நடக்கும்.

நாக்-அவுட் முறை. ஒரு ஆட்டம் தோற்றால் அத்தோடு சரி. புள்ளிக் கணக்கு, மறுவாய்ப்பு எதுவும் கிடையாது. கரூரிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் விடிகாலைப் பஸ் பிடித்து வந்த அணிகள், சாயங்காலம் ஆறரை மணிக்கெல்லாம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பிப் போகும். சில அணிகள் ஜெயிப்போம் என்ற நம்பிக்கையில் மூன்று நாளைக்கு மாற்றுத் துணி எடுத்து வரும். அந்தத் துணிகள் மடிப்புக் கலையாமல் ஊர் போய்ச் சேரும்.

அதனாலேயே அந்த ஆட்டங்களில் ஒரு சூடு இருந்தது. இன்றைக்கு டிவியில் எத்தனையோ நாட்டு ஆட்டங்களைப் பார்க்கிறேன். முதல் நிமிடத்திலிருந்தே இனி நாளை இல்லை என்பது போல ஓடும் கால்களை அந்த மைதானத்தில்தான் பார்த்தேன்.

ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியதும் ஷிஃப்ட் முடிந்த ஆட்கள் வீட்டுக்குப் போக மாட்டார்கள். நீல உடுப்போடு சைக்கிளை மிதித்து நேராக மைதானத்துக்கு வருவார்கள். அவர்கள் வந்து சேரும்வரை ஆட்டத்தை ஆரம்பிக்க முடியாது. சுண்ணாம்புத் தூள் போட்ட கோடு, தண்ணீர் தெளித்த புழுதி, கிரீஸ் படிந்த சட்டைகள் மூன்றும் சேர்ந்த ஒரு வாசனை அங்கே உண்டு. எனக்கு அது பிடிக்கும்.

பொன்மலை அணிக்குச் சரியான போட்டி காந்தி மார்க்கெட் அணிதான். மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற லோடுமேன்கள் சேர்ந்து வைத்த அணி. விடியும் முன் லாரிகளில் வரும் வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் இறக்கிப் போட்டுவிட்டு, அதே வியர்வையோடு பயிற்சிக்குப் போவார்கள். ஷூ இல்லாமல் பழகியதால் ஷூ போட்டு ஆடும்போது கொஞ்சம் அகட்டி ஓடுவார்கள். ஆனால் தோளோடு தோள் மோதினால் எதிராளிதான் கீழே விழுவான்.

அந்த வருடம் ஃபைனலில் மோதியது இந்த இரண்டு அணிகளும்தான்.

கறுப்பு பேன்ட்

நான் பிறந்து வளர்ந்தது ஸ்ரீரங்கம். பள்ளியில் படிக்கும்போது எண்ணூறு மீட்டர் ஓடுவேன். கொள்ளிடத்து மணலில் ஓடிப் பழகிய கால் எனக்கு. மணலில் ஓடிவிட்டுத் தரையில் ஓடினால் யாரோ பின்னாலிருந்து தள்ளிவிடுவது போலிருக்கும். உடற்கல்வி படித்து ஸ்ரீரங்கத்திலேயே ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர் ஆனேன். ரங்கநாயகி என்ற பெயரை அன்றோடு எல்லோரும் மறந்து, டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கல்யாணம் ஆனதும் பொன்மலைக் குவார்ட்டர்ஸுக்குக் குடி வந்தேன். கணவர் செல்வராசு மருங்காபுரிப் பக்கத்துக்காரர். நிலக்கடலை போடுகிற குடும்பம். அதிகம் பேசாதவர். பத்து வார்த்தை தேவைப்படும் இடத்தில் மூன்று போதும் அவருக்கு. ஃபுட்பால் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. கபடிதான் தெரியும்.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கு நடுவர் பயிற்சி என்று ஒருமுறை பள்ளிக்கு அறிவிப்பு வந்தது. போய்ப் பார்த்தால் முப்பது பேரில் நான் ஒருத்திதான் பெண். பரீட்சை எழுதினேன். பாஸ் செய்தேன். கப்பில் முதல் சுற்று ஆட்டங்களுக்கு ஆள் பற்றாக்குறை என்று கூப்பிட்டார்கள்.

ஆண் நடுவர்களுக்குக் கறுப்பு அரைக்கால் சட்டை. எனக்கு என்ன செய்வது? காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு டெய்லரிடம் கறுப்புத் துணி கொடுத்து முழுக்கால் பேன்ட் தைக்கச் சொன்னேன். அவர் அளவெடுத்துக்கொண்டே போலீஸ் வேலையா என்று கேட்டார். இல்லை என்றேன். நாடகமா என்றார். ஃபுட்பால் ரெஃப்ரி என்றதும் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, ஓட வேண்டியிருக்குமே, தொடையில் கொஞ்சம் தளர்வாக விடுகிறேன் என்றார். அந்த பேன்ட் ஆறு வருடம் உழைத்தது.

முதல் சில ஆட்டங்களில் கேலரியிலிருந்து வந்த பேச்சையெல்லாம் இங்கே எழுத முடியாது. மூன்றாவது ஆட்டத்துக்குள் அது குறைந்துவிட்டது. ஆட்டம் சூடு பிடித்தால், கொடி பிடித்திருப்பது யார் என்று யாருக்கு நினைவிருக்கும்?

ஃபைனலுக்கு முதலில் என் பெயர் இல்லை. குறித்து வைத்திருந்த லைன்ஸ்மேன் மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டார். மெயின் ரெஃப்ரி காஜா சார், டீச்சர் வரட்டும் என்று சொல்லிவிட்டார். காஜா சார் தபால் இலாகாவில் வேலை பார்த்தவர். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். ஆனால் விசிலை வாயில் வைத்தால் ஐம்பது வயதுக்காரர் போல ஆகிவிடுவார். என் வீட்டுக்காரர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறார், இது சரிவருமா என்று நானே அவரிடம் கேட்டேன். அவர் டீமில் ஆடுகிறாரா என்று காஜா சார் கேட்டார். இல்லை என்றேன். அப்புறமென்ன என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உறுதியா?

ஆஃப்சைடு என்பதைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. முன்னால் நிற்கும் தன் ஆளுக்கு ஒருவர் பந்தை உதைக்கும் அந்த நொடியில், பந்தை வாங்கப் போகிறவர், கோல்கீப்பரை விட்டுவிட்டால், எதிரணியின் கடைசி ஆளையும் தாண்டிப் போய் நிற்கக் கூடாது. நின்றால் தப்பு. அதற்குப் பிறகு எத்தனை அழகாகக் கோல் அடித்தாலும் செல்லாது.

இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. பந்தை உதைப்பவர் ஒரு பக்கம் இருப்பார். வாங்குபவர் முப்பது கெஜம் தள்ளி இருப்பார். இரண்டையும் ஒரே நொடியில் பார்க்க முடியாது. அதனால் பந்தைப் பார்க்கவே கூடாது. கடைசி ஆளுக்கு நேராக நின்று அந்தக் கோட்டை மட்டும் பார்க்க வேண்டும். உதைக்கும் சத்தத்தைக் காதால் கேட்டுக்கொள்ள வேண்டும். மைதானத்தில் எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பந்தைப் பார்க்காமலிருப்பதற்குப் பெரிய பழக்கம் வேண்டும்.

எனக்கு அது பழகியிருந்தது.

அன்று ‘டப்’ என்று உதை விழுந்த சத்தம் கேட்டபோது, ஆரோக்கியசாமி மார்க்கெட் அணியின் கடைசி ஆளைவிட ஒரு முழம் முன்னால் இருந்தார். ஒரு முழம். அதற்கு மேல் இல்லை. அடுத்த நொடியில் மார்க்கெட் ஆளும் பின்னால் ஓடிவிட்டதால், பந்து வந்து சேரும்போது இருவரும் சமமாக ஓடுவது போலத்தான் கேலரிக்குத் தெரிந்திருக்கும்.

காஜா சார் என்னை நோக்கி நடந்து வந்தார். அவருக்குப் பின்னால் பொன்மலை ஆட்கள் நாலைந்து பேர். அவர் கையைக் காட்டி அவர்களைத் தள்ளி நிற்க வைத்துவிட்டு என் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

“உறுதியா?”

“உறுதி சார்.”

வேறு எதுவும் கேட்கவில்லை. திரும்பி நடந்து போய் விசிலை ஊதி, ஃப்ரீகிக் என்று கை காட்டினார். கோல் இல்லை.

கேலரியிலிருந்து எழுந்த சத்தத்தை நான் காதால் கேட்கவில்லை, நெஞ்சில்தான் உணர்ந்தேன். ஆரோக்கியசாமி என் முன்னால் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. கோபத்தைவிட அந்த முகத்தில் ஏதோ நம்ப முடியாத பார்வை இருந்தது.

“டீச்சர், நீங்க நம்ம பொன்மலைதானே?”

கொடியை இறக்கிக்கொண்டு என் இடத்துக்குப் போனேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மூன்று நிமிடம் கழித்து மார்க்கெட் அணி ஒரு கோல் அடித்துவிட்டது. ஒன்றுக்குப் பூஜ்யம். கப்பு காந்தி மார்க்கெட்டுக்குப் போனது.

கடைசி விசில் ஊதியதும் மண் கட்டிகள் வந்தன. ஒரு ரப்பர் செருப்பு வந்து என் தோளில் பட்டது. நான் வேகமாக எட்டு வைத்தேன். காஜா சார் பக்கத்தில் வந்து, என்னைப் பார்க்காமலே, “ஓடாதீங்க டீச்சரம்மா. நடங்க” என்றார். நடந்தேன். அவரும் இன்னொரு லைன்ஸ்மேனும் இரண்டு பக்கமும் நடந்தார்கள். அந்த அறுபது எழுபது அடி தூரம்தான் என் வாழ்க்கையில் நான் நடந்த நீளமான நடை.

வெயில் எந்தப் பக்கம்

பொன்மலை அணி அப்பீல் செய்தது. நாலாம் நாள் கமிட்டி என்னைக் கூப்பிட்டது. மைதானத்தை ஒட்டிய ஓட்டுக் கட்டிடத்தில் ஒரு நீள மேஜை. செயலாளர் மரியாதையான மனிதர். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். குடிக்கக் கலர் வாங்கி வரச் சொன்னார். மற்றவர்கள் வெளியே போனதும் தாளும் பேனாவும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

அவர் மிரட்டவில்லை. தன்மையாகத்தான் பேசினார். ஊரே கொதித்துப் போயிருக்கிறது, ஒர்க்‌ஷாப் ஆட்கள் அடுத்த வருடம் வர மாட்டோம் என்கிறார்கள், அவர்கள் இல்லாமல் கப்பு ஏது என்றார். உங்கள் வீட்டுக்காரரும் அங்கேதானே வேலை பார்க்கிறார் என்று நினைவுபடுத்தினார்.

“சாயங்கால வெயில் கண்ணுல பட்டுச்சு, சரியாத் தெரியலைன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. உங்க மேல ஒரு குத்தமும் வராது. ஃபைனலை மறுபடி ஆட வச்சிடறோம்.”

நான் பேனாவை எடுத்தேன். பொய் சொல்லக் கூடாது என்ற பெரிய எண்ணமெல்லாம் அப்போது எனக்கு வரவில்லை. உண்மையைச் சொன்னால், கணவருடைய முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. இரண்டு வரி எழுதினால் எல்லாம் முடிந்துவிடும். யாருக்கும் நஷ்டமில்லை, மறுபடியும் ஆடட்டுமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

பிறகு மார்க்கெட் ஆட்கள் நினைவுக்கு வந்தார்கள். கப்பை வாங்கியவுடன் ஆளுக்கு ஆள் அதைத் தலையில் வைத்துப் பார்த்தார்கள். மூட்டை தூக்கிப் பழகியவர்கள் அல்லவா, எதையும் தலையில்தான் வைப்பார்கள். அதை நான் திருப்பிப் பிடுங்குவதா?

எழுதினேன். நான் நின்றது மேற்குக் கோடு. வெயில் என் முதுகுப் பக்கம் இருந்தது. கண்ணில் படவில்லை. உதை விழுந்தபோது ஆட்டக்காரர் ஒரு முழம் முன்னால் இருந்தார். கையெழுத்துப் போட்டுத் தாளை அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு மடித்து ஃபைலில் வைத்தார். அப்பீல் தள்ளுபடி ஆனது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். சட்டையை ஆணியில் மாட்டிக்கொண்டே முழுவதும் கேட்டார்.

“வெயில் எந்தப் பக்கம் இருந்துச்சு?”

“முதுகுப் பக்கம்.”

“அப்ப சரி” என்றார். சாப்பிட உட்கார்ந்தார்.

தினம் ஒரு தக்காளி

மறுநாளிலிருந்து தினமும் காலையில் அவருடைய லேத் மெஷினின் மேல் ஒரு தக்காளி இருந்தது.

காந்தி மார்க்கெட்டிலிருந்து உங்கள் வீட்டுக்குக் காய்கறி இலவசமாக வருகிறதாமே என்று அர்த்தம். யார் வைக்கிறார்கள் என்று தெரியாது. ஒரு பழுத்த தக்காளி, கச்சிதமாக மெஷினின் நடுவில்.

அவர் அதைத் தூக்கி எறியவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை. டிபன் பாக்ஸில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். ரசத்துக்கு ஆகும் என்றார். நான் ரசம் வைத்தேன். மூன்று மாதம் எங்கள் வீட்டு ரசத்துக்குத் தக்காளி வாங்கவில்லை. நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவும் இல்லை. ஒருநாள் இரண்டு தக்காளிகள் வந்தன. யாரோ புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள் போல என்றார். அன்றுதான் நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

அந்த நாட்களில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் அணியின் கேப்டன் முருகையன் எங்கள் வாசலில் வந்து நின்றார். ஆறடி உயரம். வெங்காய மண்டியில் வேலை. தோளில் ஒரு கோணி நிறைய சாத்துக்குடி. கதவைத் திறந்ததும் அதை உள்ளே இறக்கப் போனார்.

நான் வேண்டாமென்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. எல்லா ஆட்களும் சேர்ந்து கொடுத்தனுப்பியது, நன்றிக்குத்தான், வேறு எதற்கும் இல்லை என்றார்.

“அண்ணே, உங்களுக்காக நான் கொடி தூக்கல. நீங்க ஒரு முழம் முன்னால நின்னிருந்தா உங்களுக்கும் தூக்கியிருப்பேன். இந்த மூட்டை இந்த வாசப்படியைத் தாண்டி உள்ள வந்தா, ஊரு சொல்றது நெசமாயிடும்.”

அவர் கோணியைத் தோளிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். அந்தப் பாரம் அவருக்கு ஒரு பாரமே இல்லை. பிறகு தலையை ஆட்டினார். ஒரு சொம்பு தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, போயிட்டு வரேங்க என்று சொல்லிப் போனார். எதிர்வீட்டு ஜன்னலில் நாலு தலைகள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தன. பார்த்தது நல்லதாகத்தான் போயிற்று. கொஞ்ச நாளில் தக்காளி நின்றுவிட்டது.

தக்காளி விலை ஏறியதால்தான் நின்றது என்று என் கணவர் இன்றுவரை சொல்கிறார்.

பள்ளிக்கூட வாசலில்

அடுத்த வருடம் கப்பு வந்தது. இந்த முறை பொன்மலையும் திண்டுக்கல்லும் ஃபைனலுக்கு வந்தன. ஃபைனலுக்கு மட்டும் ஒரு வழக்கம் உண்டு. மெயின் ரெஃப்ரி யார் என்பதில் இரண்டு கேப்டன்களுக்கும் சம்மதம் இருக்க வேண்டும். காஜா சாருக்குச் சென்னைக்கு மாற்றலாகியிருந்தது. அதனால் யார் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதற்குள் நான் சில ஆட்டங்களுக்கு மெயின் ரெஃப்ரியாக இருந்திருந்தேன். எல்லாம் சின்ன ஆட்டங்கள். ஃபைனல் என்ற நினைப்பே எனக்கு இல்லை.

கோடைப் பயிற்சி முகாமுக்காகப் பள்ளிக்குப் போயிருந்தேன். பெண்களைக் கோகோ ஆட விட்டுவிட்டு நிழலில் நின்றபோது, வாட்ச்மேன் வந்து யாரோ பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார். கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஆரோக்கியசாமி நின்றிருந்தார். பொன்மலையிலிருந்து ஸ்ரீரங்கம்வரை அந்த வெயிலில் மிதித்து வந்திருக்கிறார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. அந்த வருடம் அவர்தான் கேப்டன்.

ஒரு வருடமாக என்னைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர். சந்தையில் எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிவிடுவார்.

அவர்தான் பேச்சை ஆரம்பித்தார். ஃபைனலுக்கு ரெஃப்ரியாக என் பெயரைச் சொல்லியிருப்பதாகவும், திண்டுக்கல்காரர்கள் சரி என்றுவிட்டதாகவும் சொன்னார். கமிட்டிக் கடிதம் நாளைக்கு வரும், அதற்கு முன்னால் நானே நேரில் சொல்ல வேண்டுமென்று வந்தேன் என்றார்.

நான் ஏன் என்று கேட்டேன். அன்றைக்கு நீங்கள் ஆஃப்சைடு இல்லை என்றுதானே ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்றேன்.

ஆரோக்கியசாமி சைக்கிள் மணியை விரலால் தடவிக்கொண்டு நின்றார்.

“டீச்சர், நான் முன்னால நின்னேனா இல்லையான்னு எனக்கே தெரியாது. நான் பந்தை மட்டுந்தான் பார்த்தேன். எங்க ஆளுங்க பதினோரு பேரும் பந்தைத்தான் பார்த்தோம். கேலரியில இருந்த அத்தனை பேரும் பந்தைத்தான் பார்த்தாங்க. கோல் போட்டுட்டுத் திரும்பினா நீங்க மட்டும் என்னையே பார்த்துக்கிட்டு நிக்கறீங்க. ஒரு வருஷமா யோசிச்சுப் பார்த்துட்டேன். அன்னைக்கு அங்க என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான்.”

சொல்லிவிட்டு சைக்கிளைத் திருப்பினார். தண்ணீராவது குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். ஷிஃப்டுக்கு நேரமாச்சு என்று ஏறி மிதித்துவிட்டார்.

நான் திரும்பி வந்து கோகோ ஆட்டத்துக்கு விசில் ஊதினேன். எதற்கு ஊதினேன் என்று எனக்கும் தெரியவில்லை, பிள்ளைகளுக்கும் தெரியவில்லை.

ஒரு புது விதி

அந்த ஃபைனலைப் பற்றி நிறைய எழுதலாம். ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு புது விதி வந்திருந்தது. தன் அணி ஆளே காலால் வேண்டுமென்று தட்டிக் கொடுக்கும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது. அதுவரை எடுக்கலாம். ஆட்டத்துக்கு முன்பே இரண்டு அணிகளுக்கும் சொல்லியிருந்தோம். ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. ஒன்றுக்கு ஒன்று என்று நின்ற நேரத்தில், பொன்மலைத் தடுப்பாட்டக்காரர் பந்தைப் பின்னால் தட்டிக் கொடுக்க, கோல்கீப்பர் எப்போதும் போலக் குனிந்து கையால் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

விசில் ஊதினேன். கோலுக்கு எட்டுக் கெஜத்தில் திண்டுக்கல்லுக்கு ஃப்ரீகிக். கேலரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆரோக்கியசாமி என்னை நோக்கி இரண்டு எட்டு வைத்தார், நின்றார், திரும்பிப் போய்த் தன் ஆட்களைத் தோளோடு தோள் சேர்த்துப் பந்தை மறிக்கும் சுவராக நிற்க வைத்தார். சுவர் நிற்கவில்லை. திண்டுக்கல் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது.

கடைசி விசில் ஊதிவிட்டுப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். கேலரியிலிருந்து எதுவும் வரவில்லை. மண் கட்டி வரவில்லை. செருப்பு வரவில்லை. தோற்ற ஜனம் கலைகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. ஆரோக்கியசாமி வந்து கையைக் கொடுத்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. கை உறுதியாக இருந்தது.

அதுதான் கடைசிக் கப்பு என்று அன்று எங்களில் யாருக்கும் தெரியாது. அடுத்த வருடம் மைதானத்தில் ஏதோ வேலை நடக்கிறது என்றார்கள். அதற்கடுத்த வருடம், வெளியூர் அணிகள் சேரவில்லை என்றார்கள். நல்ல ஆட்டக்காரர்களுக்கு ஒர்க்‌ஷாப்பில் வேலை கொடுத்து அணியில் சேர்க்கிற வழக்கமும் மெல்ல நின்றுபோயிற்று. கப்பு முடிந்துவிட்டது என்று யாரும் அறிவிக்கவே இல்லை. கேட்பவர்கள் குறைந்துபோனார்கள், அவ்வளவுதான். கடைசி ஃபைனலுக்கு ரெஃப்ரி யார் என்று யாராவது கேட்டால் இன்றும் என் பெயரைச் சொல்லத்தான் வேண்டும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பினோம். கணவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, நான் பக்கத்தில் நடந்தேன். குவார்ட்டர்ஸ் ரோட்டு முனையில் ஒர்க்‌ஷாப் ஆட்கள் பத்துப் பேர் வழிமறித்தார்கள். என்னை அல்ல, அவரை. உங்கள் வீட்டம்மா அந்த ஃப்ரீகிக்கைக் கொடுத்திருக்கவே கூடாது, சொந்த கோல்கீப்பர் சொந்த ஆளிடமிருந்து பந்தை வாங்கினால் என்ன தப்பு, இது எந்த ஊர் நியாயம் என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.

நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவர் சைக்கிளை என் கையில் கொடுத்தார்.

“காலால குடுத்தாத்தான் தப்பு. தலையால முட்டிக் குடுத்தா எடுக்கலாம். மாருல தட்டிக் குடுத்தாலும் எடுக்கலாம். பன்னெண்டாவது விதி. இந்த வருஷந்தான் மாத்தியிருக்காங்க.”

அவர்கள் விடவில்லை. அவரும் விடவில்லை. தவறிப் போய் காலில் பட்டு வந்தால் எடுக்கலாம் என்றார். கோல் பெட்டிக்குள் நடந்தால் எங்கே வைத்து உதைக்க வேண்டும் என்றார். சுவர் எத்தனை கெஜம் தள்ளி நிற்க வேண்டும் என்று காலால் ரோட்டில் அளந்து காட்டினார். கல்யாணமான ஒன்பது வருடத்தில் அவர் ஒரே மூச்சில் அத்தனை பேசி நான் கேட்டதில்லை. கடைசியில் ஒருவர் சலித்துப் போய், உனக்கு எப்படிய்யா இதெல்லாம் தெரியும் என்று கேட்டார்.

அவர்கள் கலைந்து போன பிறகு நானும் அதையே கேட்டேன். என் விதிப் புத்தகத்தைப் போன வருடத்திலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்து வருவதாகச் சொன்னார். இங்கிலீஷ் புரியாத இடத்தில் டிராயிங் ஆபீஸ் கிளார்க்கிடம் கேட்டுக்கொண்டாராம். தக்காளி வைக்கிறவர்கள் என்றைக்காவது நேரில் வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று நினைத்தாராம்.

சைக்கிளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“ஆனா ரெண்டாவது பாதி ஆரம்பத்துல திண்டுக்கல்லுக்கு ஒரு த்ரோ குடுத்த பாரு, கிழக்குப் பக்கம். அது தப்பு. கடைசியா திண்டுக்கல்காரன் மேல பட்டுத்தான் வெளிய போச்சு.”

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.